பிரபுதாஸின் கல்

ஸ்வீட்லின் வீட்டில் மூன்று பேருக்கு ஆறு பெயர்கள். அப்பா இருந்தவரை சபையில் பிரபுதாஸ், ரேஷன் கார்டில் பெருமாள். அம்மா ஞாயிற்றுக்கிழமை தபிதாள், மற்ற ஆறு நாளும் அரசாங்கத்துக்குக் கௌரி. மகள் வீட்டில் ஸ்வீட்லின், பள்ளிக்கூடப் பதிவேட்டில் சௌமியா. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. திருத்தணியில் ரயில் பாதையைத் தாண்டிக் கிடக்கும் அந்தக் காலனியில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். எந்தக் கையால் சாப்பிடுவது என்று கற்றுக்கொள்ளும் வயதிலேயே, எந்த இடத்தில் எந்தப் பெயரைச் சொல்வது என்றும் பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிடுவார்கள். டீச்சர் கேட்டால் இது, பாஸ்டர் கேட்டால் அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள்.

காரணம் ஊரறிந்தது. கர்த்தரைக் கும்பிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்த அன்றைக்கே சட்டத்தின் பார்வையில் நீ ஆதிதிராவிடர் இல்லை, அந்தச் சாதிச் சான்று உனக்குக் கிடையாது. சரி, ஊராவது அப்படி நினைத்ததா என்றால், எங்கே நினைத்தது? ஞானஸ்நானம் வாங்கி ஐந்து தலைமுறை ஆகிறது. தெரு மாறவில்லை, பிணம் தூக்கிப் போகிற வழி மாறவில்லை, வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் எதிராளியின் முகம் சுருங்குவதும் மாறவில்லை. சட்டம் மட்டும் ரொம்ப நியாயமாக, நீங்கள்தான் மாறிவிட்டீர்களே என்கிறது. அதற்காகத்தான் இரண்டு பெயர். யாரையும் ஏமாற்ற அல்ல, பிழைப்பதற்கு.

பதினாறு வருடம் ஒழுங்காகக் காப்பாற்றிய இந்த வழக்கத்தை ஸ்வீட்லின் ஒரே ஒரு கேள்வியில் கோட்டை விட்டாள். கேட்டவன் பெயர் இவான்.

போன வருடம் மே மாதம், அவள் பிளஸ் ஒன் முடித்திருந்த விடுமுறையில், சென்னையிலிருந்து ஒரு வேனில் ஐந்தாறு பேரோடு வந்து இறங்கினான். வயது இருபத்தெட்டு இருக்கும். காலனியில் வளரும் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு சின்னப் படம் எடுக்கப்போவதாகச் சொன்னான். அவளுடைய குடும்பம், அவளுடைய முதல் அவமானம், முதல் கோபம், ஒரு வருடத்துக்குள் அவள் பெரியவளாகிவிடுவது, இவ்வளவுதான் கதை. ஞாயிறு ஆராதனைக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தான். பாட்டெல்லாம் அவனுக்கும் தெரிந்திருந்தது. அவனுடைய தாத்தா ஏதோ மிஷன் கல்லூரியில் பிரின்சிபாலாக இருந்தவராம், அப்பா வெளிநாட்டில் டாக்டராம். "நாமெல்லாம் ஒண்ணுதான்" என்று பாஸ்டரிடம் சொன்னான். பாஸ்டர் பூரித்துப்போனார். காலனிப் பெண்கள் அவன் கால் செருப்பின் விலையை மனசுக்குள் கணக்குப் போட்டார்கள்.

வெளியே வந்ததும் ஸ்வீட்லினைக் கூப்பிட்டான்.

"உன் பேர் என்னம்மா?"

"சௌமியாங்க." வெளியூர் ஆள், பேண்ட் சட்டை, கையில் நோட்டு. பழக்கத்தில் அந்தப் பெயர்தான் வந்தது.

"உள்ள உன்ன வேற பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களே?"

அவள் நெளிந்தாள். "அது சும்மாங்க."

"எது உன் நிஜப் பேர்?"

அட, இதைப் போய் யாராவது கேட்பார்களா? அவளை இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. தான் ஒரே ஒருத்திதான், தனக்கு ஒரே ஒரு பெயர்தான் என்று யாரோ கையைப் பிடித்துச் சொன்ன மாதிரி இருந்தது. "ஸ்வீட்லின்" என்றாள். சத்தமாகவே சொன்னாள். படத்தின் கதாநாயகியாக அவளையே போட்டான். படத்திலும் அதே பெயரை வைத்தான்.

அம்மா தபிதாளுக்கு விஷயம் எட்டியது. அரக்கோணம் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவிவிட்டு வந்து, காலைக் கூடக் கழுவாமல் மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நடிக்கிறதெல்லாம் நடி. நா வாணான்னு சொல்லல. பேரு மட்டும் ஸ்கூல் பேரு போடச் சொல்லு, ஆங்?"

"சொல்றம்மா."

"சொல்றேன்னு மண்டைய ஆட்டிகினு இருக்காத. இன்னிக்கே சொல்லு. அந்தத் தம்பிக்கு இதெல்லாம் தெரியாது."

அவள் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். நிஜம் நிஜம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறவனிடம் போய், அண்ணா என் பேரைப் பொய்யாப் போடுங்க என்று எப்படிச் சொல்வது? அவன் முன்னால் சின்னவளாகிவிடுவோம் என்று பயந்தாள். இதைவிடப் பெரிய தப்பையும் அவள் படப்பிடிப்பின் பதினைந்தாம் நாள் செய்தாள்.

படத்தில் அந்தப் பெண் செத்துப்போன அப்பாவின் கல்லறைக்குப் போவதாக ஒரு காட்சி. தெர்மோகோலில் ஒரு கல் செய்து சாம்பல் நிறம் அடித்து வைத்திருந்தார்கள். இவானுக்குத் திருப்தியில்லை, தலையைச் சொறிந்துகொண்டே நின்றான். ஸ்வீட்லின்தான் போய்ச் சொன்னாள். "எங்க நைனா கல்லே இருக்குதுங்கண்ணா. நிஜக் கல்லு."

அவளுடைய அப்பா, அவள் வாயில் நைனா, கரும்பு லோடு ஏற்றும் ஆள். திருவாலங்காட்டுப் பக்கம் கால்வாய் வளைவில் டிராக்டர் சாய்ந்து, கரும்புக்கு அடியில் போனார். அப்போது அவள் எட்டாவது. தபிதாள் ஒரு முகூர்த்த சீசன் முழுக்க மண்டபத்திலேயே கிடந்து அண்டா கழுவி அந்தக் கல்லை வாங்கி நட்டாள். முழங்கால் உயரக் கருங்கல், மேலே சிலுவை, கீழே 'பிரபுதாஸ், கர்த்தருக்குள் நித்திரை'. காலனிக் கல்லறைத் தோட்டத்தில் கல் வைத்த மேடுகள் பத்துக்குள்தான் இருக்கும். கட்டியவனுக்கு உயிரோடு இருந்தபோது கிடைக்காத மரியாதையைத் தான் வாங்கிக் கொடுத்துவிட்டதாக அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது.

காட்சி எடுத்த அன்று தபிதாளும் வந்தாள். சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள். ஆனால் மகள் கல்லைக் கட்டிக்கொண்டு அழுததும் அவளால் நிற்க முடியவில்லை. போய் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கேமரா இருப்பதையே மறந்து ஜெபம் பண்ணினாள். "ஆண்டவரே, எம் புருஷன் பிரபுதாஸ உம்ம கைல குடுத்துட்டன், எம் பொண்ணு ஸ்வீட்லின நீர்தான் கரையேத்தணும்." இவான் கட் சொல்லவேயில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்த ஏப்ரலில் படம் யூடியூப்பில் வந்தது. 'அறிமுகம்: ஸ்வீட்லின்' என்று வெள்ளை எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கெங்கோ இருக்கிறவர்களெல்லாம் அழுதோம் அழுதோம் என்று கீழே எழுதினார்கள். அந்தக் கல்லறைக் காட்சியை மட்டும் தனியாக வெட்டி ஊரெல்லாம் அனுப்பினார்கள். பிளஸ் டூ முடித்திருந்த ஸ்வீட்லின் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். பாவம், பூரிக்கத்தானே செய்வாள்.

அக்டோபரில் அவளுக்கு அரசுக் கல்லூரியில் நர்சிங் சீட்டு கிடைத்தது, ஆதிதிராவிடர் ஒதுக்கீட்டில். அவள் எடுத்த மார்க்குக்கு அந்தச் சான்று இருந்தால் கல்லூரி, இல்லாவிட்டால் அம்மாவோடு மண்டபத்தில் அண்டா. நடுவில் வேறொன்றும் கிடையாது. வெள்ளைக் கோட்டு தைத்து வாங்கியாகிவிட்டது. வகுப்பு ஆரம்பித்து மூன்றாவது வாரம் தாலுகா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. இந்த மாணவி கிறிஸ்தவர், பொய்யாகச் சான்று வாங்கியிருக்கிறார் என்று பெயரில்லாத மனு. கூடவே வீடியோவின் முகவரி.

யார் போட்டார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்து மட்டும் என்ன?

விசாரணைக்குக் கூப்பிட்ட வருவாய் ஆய்வாளர் பெயர் தமயந்தி. ஐம்பது வயது, மூக்கில் கண்ணாடி. மேஜைமேல் போனை நிறுத்திவைத்து அந்தக் காட்சியை முழுக்க ஓடவிட்டார். தபிதாளின் ஜெபம் அந்த ஆபீஸ் ரூமில் கணீரென்று கேட்டது. தபிதாள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே டைப் அடித்துக்கொண்டிருந்தவன் கூட எட்டிப் பார்த்தான்.

"இது யார்?" என்று கேட்டார் தமயந்தி.

ஸ்வீட்லின் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "நான்தாங்க மேடம். ஆனா அது நடிப்புங்க. படத்துல வச்ச பேருங்க அது."

"இந்தம்மா?"

"அவங்களும் நடிச்சாங்க."

தமயந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "நல்லா நடிக்கிறீங்க" என்றார். குத்தலாகச் சொன்னாரா, இரக்கத்தில் சொன்னாரா, இருவருக்கும் விளங்கவில்லை. "படம் எடுத்தவர்கிட்ட, இது செட்டு, கல்லு நாங்க செஞ்சதுன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வாம்மா. வியாழக்கிழமை நான் நேர்ல அந்த இடத்துக்கு வருவேன். அங்க கண்ணால பாக்கறதத்தான் எழுதுவேன். இருந்தா இருக்குன்னு எழுதுவேன், இல்லன்னா இல்லன்னு எழுதுவேன். புரியுதா?"

புரிந்தது. இரண்டு பேருக்கும் நன்றாகப் புரிந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

ஸ்வீட்லின் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே இவானுக்குப் போன் போட்டாள். நான்காவது தடவைதான் எடுத்தான். விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப்போனான். அநியாயம் என்றான். இப்போதே இதைப் பற்றி எழுதுகிறேன், உன் போட்டோவோடு போடுகிறேன், வக்கீல் நண்பர்கள் இருக்கிறார்கள், கோர்ட்டுக்குப் போகலாம், ஊரே உன் பக்கம் நிற்கும் என்றான்.

"ஐயோ, வாணாங்கண்ணா! ஒண்ணும் எழுதாதீங்க. லெட்டர் மட்டும் குடுங்க, போதும்."

"அது பொய் ஸ்வீட்லின். அந்தப் படத்துக்கு இருக்கிற மரியாதையே அதுல எல்லாம் நிஜம்ங்கிறதுதான். நீ ஏன் பயப்படற? உன் பேரச் சொல்ல உனக்கு உரிமை இல்லையா?"

அவளுக்கு அதுவரை அவன்மேல் கோபமே வந்ததில்லை. இப்போது வந்தது. ஆனால் கத்தவில்லை.

"அண்ணா, உங்க தாத்தாவ எங்க பொதச்சீங்க?"

"கீழ்ப்பாக்கத்துல. ஏன்?"

"அங்க கல்லு இருக்குதான்னு பாக்க யாராவது வருவாங்களா?"

கோர்ட்டு கோர்ட்டு என்கிறானே, கோர்ட்டில் தீர்ப்பு வரும்போது அவளுக்கு முப்பது வயது ஆகியிருக்கும், அதுவரை அவள் எங்கே நிற்பாள், அதையெல்லாம் அவள் சொல்லவில்லை. அவனாகவே ஏதோ யோசித்திருக்க வேண்டும். "அனுப்பறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். கடிதம் சாயங்காலமே போனுக்கு வந்தது, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டாள். அப்புறம் அவன் போன் பண்ணவேயில்லை.

இனி கல்தான் பாக்கி.

"முடியாது" என்றாள் தபிதாள். "அந்த மனுசனுக்குன்னு இந்த உலகத்துல இருக்கறது அது ஒண்ணுதான்டி. நா தொட மாட்டன். நீயும் தொடக் கூடாது."

"அப்ப நா காலேஜுக்குப் போவ வாணாமா?"

"போவாத. நா அண்டா கழுவல? உசுரோட இல்ல?"

சொன்ன வாயை அவளே பொத்திக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். மகளுக்கு அழுகை வரவில்லை. நைனா இருந்திருந்தால் இன்னா சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்த்தாள். அவர் முகமே சரியாக நினைவுக்கு வரவில்லை, படத்தில் அவள் அழுத அழுகைதான் திரும்பத் திரும்ப வந்தது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை உச்சிவெயிலில் அவள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். மலைமேல் ஒலிபெருக்கியில் முருகன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஆடுகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன. கல்லின் அடியில் சிமெண்ட் போட்டுப் பூசியிருந்தது. வெள்ளைக் கோட்டு போடப் போகிற கை, நாலு குத்துக்கே கொப்புளம் கண்டது. ஐந்தாவது குத்து தவறி மேலே பட்டு, சிலுவையின் ஒரு பக்கம் சில்லாகத் தெறித்தது.

"ஒடைக்காதடி!"

தபிதாள் வேலியருகில் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, மகளின் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கினாள். "இப்படியா குத்துவாங்க? தள்ளு." மண்ணை ஒரு பக்கமாகக் கெல்லி, சிமெண்டுக்கு அடியில் நுனியைக் கொடுத்து, தன் எடை முழுவதையும் போட்டு அமுக்கினாள். கரும்பு வெட்டிய கை, அண்டா தூக்கிய கை. கல் மெல்லப் புரண்டது. ஒரு எழுத்துக்கூட உடையாமல் எடுத்தாள். பழைய புடவையில் சுற்றி, இரண்டு பேருமாகப் பக்கத்துக்கு ஒருவராகத் தூக்கிக்கொண்டு, வயல் வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வழியில் ஒருத்தி என்னக்கா என்று கேட்டாள். துவைக்கிற கல்லு என்றாள் தபிதாள். சொன்னபடியே பின்பக்கக் குழாயடியில், எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டார்கள். மண்டியிட்ட இடத்திலிருந்து தபிதாள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குத் தமயந்தி ஸ்கூட்டியில் வந்தார். கடிதத்தை வாங்கிப் படித்து ஃபைலில் வைத்தார். பாஸ்டரையோ சபைப் பதிவேட்டையோ கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். போனில் அந்தக் காட்சியை வைத்துக்கொண்டு வேப்பமரத்தையும் வேலியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சரியாக அந்த மேட்டின் முன்னால் வந்து நின்றார்.

புது மண் தெரிந்தது. யார் பார்த்தாலும் தெரியும்.

"இது யாருது?"

ஸ்வீட்லின் தன் நைனாவின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு அடி தள்ளி நின்றிருக்கலாமே என்று இப்போதுதான் தோன்றியது.

"உன்னத்தான் கேக்கறேன். யாருதும்மா இது?"

"தெரியலைங்க மேடம்" என்றாள். "யாரோங்க."

தமயந்தி எழுதினார். பிறகு தபிதாளைப் பார்த்துத் திரும்பினார். "கௌரியம்மா, உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்னு இருக்கு. அவர எங்க அடக்கம் பண்ணீங்க?"

இந்தக் கேள்வியை அவர்கள் நினைத்துப் பார்க்கவேயில்லை. கல்லைப் பற்றியே மூன்று நாள் யோசித்தவர்கள், கல்லுக்கு அடியில் இருக்கிறவரைப் பற்றி யோசிக்கவில்லை. அம்மா உடைந்துவிடுவாள், இந்த மேட்டிலேயே விழுந்து கதறிவிடுவாள், எல்லாம் போச்சு என்று ஸ்வீட்லின் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கணம், அப்படியே நடந்துவிட்டால் கூடத் தேவலை என்று இருந்தது.

"பொதைக்கலைங்கம்மா" என்றாள் தபிதாள். குரலில் ஒரு பிசிறும் இல்லை. "எரிச்சுட்டோம். நந்தியாத்தங்கரையில."

"எரிச்சீங்களா?"

"ஆங். சாயந்தரம் அஞ்சு மணி இருக்கும். மழ தூறிகினு இருந்திச்சி, வெறவு பத்தவே இல்ல. மண்ணெண்ணெ ஊத்தித்தான் கொளுத்தினோம். வெட்டியான் ரெண்டு தபா கிட்டப் போயி கெளறிவிட்டான். முழுக்க எரிஞ்சி அடங்கறதுக்கு ராத்திரி ஆயிடுச்சி. மறாநா போயி சாம்பல அள்ளி ஆத்துல கரைச்சோம்." மூச்சு விட்டுக்கொண்டாள். "எங்களுக்கு ஆம்பளப் புள்ள இல்லீங்கம்மா. அதால கொள்ளி இவதான் வெச்சா."

மகளைக் கைகாட்டினாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

தமயந்தி பேனாவை நிறுத்தினார். "ஏம்மா, அப்படியா? நீதான் கொள்ளி வெச்சியா?"

மேட்டின் மண் அவள் கால்விரல்களுக்கிடையில் ஈரமாக இருந்தது. ஸ்வீட்லினுக்கு அப்போது பதினெட்டு வயது ஆகிப் பத்து நாள்.

"ஆமாங்க மேடம்" என்றாள் சௌமியா. "நான்தான் வெச்சேன்."